எங்கள் போல்டன் ஆறாம் இடத்தில் இருந்தபோது

குடியாத்தத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பாதியைக் குழித்தறி அடைத்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் ஒரு கோரைப்பாய், ஒரு ஸ்டூல், ஸ்டூலின்மேல் டிவி. சனிக்கிழமை சாயங்காலமானால் அந்தப் பாயில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருப்போம். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி தாத்தா இருப்பார். இங்கிலாந்தில் மதியம் 3 மணிக்குத் தொடங்கும் கால்பந்து ஆட்டம் நமக்குக் கோடையில் ஏழரைக்கு வரும், குளிர்காலத்தில் எட்டரைக்கு வரும். ஏழரை ஆட்டம் என்றால் தாத்தாவுக்கு இன்னும் கொஞ்சம் நெய்ய வேண்டியது பாக்கி இருக்கும். நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா போய்வரும் சத்தமும் ஸ்டேடியத்தின் இரைச்சலும் சேர்ந்தே கேட்கும். எட்டரை ஆட்டம் என்றால் தறி ஓய்ந்திருக்கும்.

நாங்கள் பார்த்த டீம் போல்டன் வாண்டரர்ஸ். இன்றைக்குக் கால்பந்து பார்க்கிற பையன்களிடம் அந்தப் பேரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், "அவங்க இப்போ எந்த டிவிஷன்ல இருக்காங்க அண்ணா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு எங்கள் முன்னறை ஞாபகம் வந்துவிடுகிறது. அதை ஒருமுறை முழுசாக எழுதி வைத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்தபோது எங்கள் அறையில் மூன்று பேர். ஒருவன் ஆம்பூர், ஒருவன் ஆற்காடு, நான் குடியாத்தம். அப்போது எல்லாம் ஒரே வேலூர் மாவட்டம். எங்கள் அப்பாக்களின் சான்றிதழ்களில் வட ஆற்காடு என்று இருக்கும். விடுதியில் கால்பந்து பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மான்செஸ்டர் யுனைடெட், பெக்காம் பித்து. மற்றவர்கள் ஆர்சனல். ஆம்பூர்க்காரன் மட்டும் ஒக்கோச்சா, ஒக்கோச்சா என்று சொல்லிக்கொண்டே இருப்பான். 2002 உலகக் கோப்பையில் ஒக்கோச்சாவின் நைஜீரியா முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதே கோடையில் ஜே-ஜே ஒக்கோச்சா பாரிஸ் சாங் ஜெர்மன் கிளப்பை விட்டு போல்டனுக்கு வந்தார், மாற்றுத்தொகை எதுவும் இல்லாமல். பாரிஸில் அவரோடு ஆடிய இளைஞன் ரொனால்டினோ. அப்படிப்பட்ட ஆட்டக்காரர் எதற்காக இங்கிலாந்தின் ஒரு சின்ன ஊருக்குப் போகிறார் என்று நாங்கள் பேசிப் பேசி ஓய்ந்தோம். "அவன் எங்க போறானோ அங்க நாமளும் போறோம்டா" என்றான் ஆம்பூர்க்காரன். முடிவு அவ்வளவுதான்.

விடுதியில் டிவி கிடையாது. ஆம்பூரில் அவன் வீட்டு டிவி எப்போதும் அக்காமார்கள் கையில். எங்கள் தெரு கேபிள்காரர் ஈஎஸ்பிஎன், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் இரண்டையும் கொடுத்தார். அதனால் சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் குடியாத்தம் பஸ் பிடித்துவிடுவோம். அம்மாவுக்குச் சிரமம்தான், மூன்று பேருக்கும் சேர்த்துச் சோறு வடிக்க வேண்டும். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நைனா மட்டும், "பஸ் சார்ஜுக்கு இன்னாடா பண்றீங்க?" என்று கேட்பார்.

முதல் வருஷம் போல்டன் பிழைத்ததே பெரிய காரியம். ஏப்ரல் மாதம் வரை கடைசி மூன்று இடங்களுக்குப் பக்கத்திலேயே உருண்டுகொண்டிருந்தார்கள். கடைசி மூன்றில் முடிந்தால் கீழ்ப்பிரிவுக்குப் போக வேண்டும். 2003 ஏப்ரல் 19, வெஸ்ட் ஹாமுடன் ஆட்டம். அவர்களும் அதே பள்ளத்தில் இருந்தவர்கள். யார் தோற்கிறார்களோ அவர்களுக்கு ஆபத்து.

அந்த ஆட்டத்தை நேரலையில் பார்த்தோமா, இரவு தொகுப்பில்தான் பார்த்தோமா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை உண்டு. ஆற்காட்டுக்காரன் தொகுப்பு என்று சத்தியம் பண்ணுவான். எப்படிப் பார்த்தாலும் அந்தக் கோல் மட்டும் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி நினைவிருக்கிறது. ஒக்கோச்சா தன் பாதியில் பந்தை வாங்குகிறார். ஓடத் தொடங்குகிறார். தடுக்க வந்தவர்களைத் தோளால் தாங்கிக்கொண்டே ஓடுகிறார். கீழே விழப்போகிறார் என்று தோன்றும், விழமாட்டார். பாக்ஸுக்கு வெளியிலிருந்தே அடிக்கிறார். பந்து வலையின் மேல்மூலையில். 1-0. ஆட்டம் அப்படியே முடிந்தது.

நாங்கள் கத்திய கத்தலில் தாத்தா நாடாவை நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தார். மறுபடியும் அந்தக் கோலைக் காட்டினார்கள், மெதுவாக. தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுசும் பார்த்தார். ஒக்கோச்சா பந்தைத் தொட்டாரா தொடவில்லையா என்றே தெரியாமல் காலை மாற்றி மாற்றி வைக்கிற இடத்தில், "மிதி மேல கால் போற மாதிரி போவுதுடா அவன் காலு" என்றார்.

தறி நெய்கிறவர்களுக்குத்தான் அதன் அர்த்தம் முழுசாகத் தெரியும். குழிக்குள் இரண்டு மிதி இருக்கும். ஒன்றை அழுத்தினால் நீளவாக்கு இழைகளான பாவு பிரியும், அந்த இடைவெளியில் நாடா ஓடும், உடனே மற்றதை அழுத்த வேண்டும். கண் பாவின்மேல் இருக்கும், கை ஒரு பக்கம் இழுக்கும், காலைப் பற்றி யோசிக்கவே கூடாது. யோசித்தால் இழை அறுந்துவிடும். எங்கள் தாத்தா அறுபது வருஷம் மிதித்தவர். ஒக்கோச்சாவின் காலைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியதைப் பின்னால் படித்திருக்கிறேன். அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து எங்கள் மூன்று பேருக்குள் ஒக்கோச்சாவுக்குப் பேரே 'மிதி'தான்.

அந்த வருஷம் போல்டன் 44 புள்ளிகளோடு 17ஆம் இடம். வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது. இடையில் ஒரு ஆட்டத்தில் ஆர்சனல் 2-0 என்று முன்னணியில் இருந்ததைப் போல்டன் 2-2 ஆக்கியது. ஆர்சனலின் பட்டக் கனவில் அது பெரிய ஓட்டை. விடுதியில் ஆர்சனல் பையன்கள் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

போல்டன் என்ற ஊரைப் பற்றி அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் வர்ணனையில் சொல்வார்கள். வேலூரில் பிரவுசிங் சென்டர்களுக்குப் போய், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துத் தேடித் தேடிப் படித்தோம். அது பருத்தி மில் ஊர். நூல் நூற்கும் 'ம்யூல்' இயந்திரத்தை 1779இல் செய்து முடித்த சாமுவேல் கிராம்ப்டன் அந்த ஊர்க்காரர். மெல்லிய நூலை ஒரே நேரத்தில் நிறையக் கதிர்களில் நூற்கும் இயந்திரம். அதற்குப் பிறகுதான் அந்த வட்டாரமான லங்காஷயரின் துணி உலகம் முழுக்கக் கப்பலேறியது, நம் ஊர்த் தறிகளையும் சேர்த்து மூழ்கடித்தது. 1931இல் காந்தி இங்கிலாந்து போனபோது மில் தொழிலாளர்களைப் பார்க்கப் போய்த் தங்கிய டார்வன், போல்டனுக்கு வடக்கே பக்கத்தில்தான் இருக்கிறது.

இதைத் தாத்தாவிடம் சொல்லலாமா என்று எனக்குத் தயக்கம். மான்செஸ்டர்காரன் துணி என்ற வார்த்தையையே அவர் தனி ஒரு தொனியில் சொல்வார். அவருடைய அப்பா காலத்துக் கதைகள் அவருக்குள் இருந்தன. ஆனாலும் ஒரு நாள், நாடாவுக்குள் வைக்கும் நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தபோது, சொல்லிவிட்டேன். நாங்கள் கத்திக் கத்தி ஆதரிக்கிற டீம் அந்த மில்லுக்காரர்களின் ஊர் டீம்தான் என்று.

கொஞ்ச நேரம் பேசவில்லை. ராட்டினம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம், "இப்போ அங்க மில்லு ஓடுதா?" என்று கேட்டார்.

"இல்ல தாத்தா. எல்லாம் எப்பவோ மூடிட்டாங்க."

"எல்லாமேவா?"

"ஆமாம்."

"அவனுக்கும் அதே கதிதானா" என்றார். அதில் சந்தோஷம் துளிகூட இல்லை. அடுத்த சனிக்கிழமை ஆட்டம் முடிந்து நாங்கள் எழுந்தபோது, அவராகவே கேட்டார்: "இன்னாடா, நம்ம ஆளுங்க கெலிச்சாங்களா?"

நம்ம ஆளுங்க என்றார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆம்பூர்க்காரனுக்கு வேறு ஒரு வழியாக அந்த ஊர் நெருக்கமானது. அவன் அம்மா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவர். விடியற்காலையில் கம்பெனி வண்டி வந்து தெருமுனையில் நிற்கும், தெருவில் பாதிப் பெண்கள் அதில் ஏறுவார்கள். போல்டன் ஆடுகிற மைதானத்தின் பேர் ரீபாக் ஸ்டேடியம் என்று முதல் தடவை கேட்டபோது, "மச்சான், ஷூ பேர்ல ஸ்டேடியம்டா!" என்று எழுந்தே நின்றுவிட்டான். தோண்டிப் பார்த்தால் அதற்கும் ஒரு கதை. ஜோசப் வில்லியம் ஃபாஸ்டர் என்பவர் 1895 வாக்கில் போல்டனில் ஓட்டக்காரர்களுக்கு ஆணி வைத்த ஷூ செய்யத் தொடங்கினார். அவருடைய பேரன்கள் இருவர் 1958இல் ஆரம்பித்ததுதான் ரீபாக். 1997இல் கிளப் தன் பழைய பர்ண்டன் பார்க் மைதானத்தை விட்டுப் புதிய இடத்துக்குப் போனபோது அந்தப் பேர் வைத்தார்கள், 2014 வரை இருந்தது. துணி ஊரும் தோல் ஊரும் சேர்ந்த வட ஆற்காட்டுப் பையன்களுக்கு, துணியும் ஷூவும் செய்த ஒரு ஊரின் டீம். நாங்கள் தெரிந்து தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் தெரிந்த பிறகு விட முடியவில்லை.

பெரிய கிளப் ரசிகர்களுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் பழைய நினைப்பில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் வருஷத்தைச் சொல்லிக் கோப்பையைச் சொல்வார்கள். எங்களிடம் கோப்பை கிடையாது. போல்டன் எஃப்ஏ கோப்பையை நான்கு முறை வென்றிருக்கிறது, உண்மை. 1923இல் வெம்ப்ளியில் நடந்த முதல் இறுதி ஆட்டமே அவர்கள் வென்றதுதான். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட, வெள்ளைக் குதிரையில் வந்த போலீஸ்காரர் ஒதுக்கிவிட்ட அந்தப் புகழ்பெற்ற ஆட்டம். அப்புறம் 1926, 1929. கடைசியாக 1958இல், நாட் லாஃப்ட்ஹவுஸ் இரண்டு கோல் போட்டு வென்றது. லாஃப்ட்ஹவுஸ் போருக்கு நடுவே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இங்கிலாந்துக்கு 33 ஆட்டத்தில் 30 கோல். வாழ்நாள் முழுக்க ஒரே கிளப். ஆனால் இதெல்லாம் போல்டன் ஊர்க் கிழவர்களின் சொத்து. அதில் நாங்கள் பங்கு கேட்க முடியாது.

எங்களுடையது 2004 ஜனவரியில் லீக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்டன் வில்லாவை 5-2 என்று அடித்த இரவு. ஒக்கோச்சா ஃப்ரீ கிக்கில் இரண்டு கோல். இரண்டாவது, வலது காலின் வெளிப்பக்கத்தால் அடித்தது. பந்து சுவரைத் தாண்டி வெளியே போவது போலப் போய், வீட்டு ஞாபகம் வந்த மாதிரி உள்ளே திரும்பியது. இறுதி ஆட்டத்தில் மிடில்ஸ்பரோவிடம் 2-1 என்று தோற்றோம். முதல் பத்து நிமிஷத்துக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டு மீதி நேரம் முழுக்கத் துரத்தினோம். அன்றைக்கு ராத்திரி ஆம்பூர்க்காரன் சாப்பிடவில்லை. அம்மா அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

அந்த வருஷம் லீகில் எட்டாம் இடம். அடுத்த வருஷம், 2005 மே மாதம், ஆறாம் இடம். குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. அதை ஒட்டித்தான் இங்கிலாந்தின் மேல்பிரிவான பிரீமியர் லீகின் கடைசி ஆட்ட நாளும் வரும். ஊர் முழுக்கக் கூட்டம், தெருவெல்லாம் பலூன் கடை, பம்பைச் சத்தம். உறவுக்காரர்கள் வீடு நிறைய. அந்த நெருக்கடியில் டிவிக்கு முன்னால் இடம் பிடித்து நாங்கள் புள்ளிப்பட்டியலைப் பார்த்தோம். லிவர்பூல் 58, போல்டன் 58. கோல் கணக்கில்தான் அவர்கள் ஐந்தாவது, நாங்கள் ஆறாவது. பத்துநாள் கழித்து அதே லிவர்பூல் இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. ஐரோப்பாவின் சாம்பியன்களுக்குச் சமமான புள்ளி எங்கள் மில்லூர் டீமுக்கு. கிளப்பின் வரலாற்றில் முதல் முறையாக ஐரோப்பியப் போட்டியில் ஆடும் இடம். நான் எங்கள் சின்ன அத்தையிடம் அதை விளக்க முயன்றேன். "ஆறாவதா வந்ததுக்காடா இந்த ஆட்டம் ஆடறீங்க?" என்றார். அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதே ஆட்டம்தான் ஆடுவேன் அத்தை.

அந்த டீமை நீளப்பந்து டீம், முரட்டு டீம் என்று பெரிய கிளப் ரசிகர்கள் இன்றும் தள்ளிவைக்கிறார்கள். அது அநியாயம் என்று அழுத்தமாகவே சொல்வேன். பயிற்சியாளர் சாம் அலர்டைஸ் கையில் பணம் இல்லை. அவர் செய்தது என்னவென்றால், பெரிய கிளப்புகள் வயசாகிவிட்டது என்று விட்ட ஆட்களைக் கூட்டிவந்தார். 1998இல் உலகக் கோப்பை வென்ற பிரான்ஸ் அணியின் யூரி ஜோர்காயெஃப். ரியல் மாட்ரிட்டில் சாம்பியன்ஸ் லீக் வென்ற இவான் காம்போ. அதே மாட்ரிட்டின் கேப்டனாக இருந்த ஃபெர்னாண்டோ ஹியரோ, கடைசியாக ஒரு வருஷம். ஆம்பூரில் இது புதுசு இல்லை. பெரிய கம்பெனி கழித்துவிட்ட கைதேர்ந்த கட்டரைச் சின்ன யூனிட்காரர் கையோடு கூட்டிப்போய் வைத்துக்கொள்வார். ஒரு தோலை விரித்துப் போட்டதும் எங்கே தழும்பு, எங்கே தளர்வு, எத்தனை ஜோடி தேறும் என்று அந்த ஆளுக்குக் கண்ணிலேயே தெரியும். வேகம் போயிருக்கலாம், அந்தக் கண் போகாது. அலர்டைஸ் அந்தக் கண்ணை நம்பினார். உடம்பைப் பார்த்துக்கொள்ள மருத்துவ ஆட்கள், ஓட்டத்தை அளக்கக் கணினி எல்லாம் வைத்தார். இப்போது எல்லா கிளப்பிலும் இருக்கிற வழக்கம், அப்போது அதற்காகச் சிரித்தார்கள். நடுவில் கெவின் நோலன், முன்னால் கெவின் டேவிஸ், கோலில் பின்லாந்துக்காரர் யூஸி யாஸ்கெலைனன். இந்தப் பேர்களை நான் வரிசையாகச் சொன்னால் ஆற்காட்டுக்காரன் மீதிப் பேர்களைக் கண்ணை மூடிக்கொண்டு முடிப்பான்.

2006இல் ஒக்கோச்சா கத்தாருக்குப் போனார். நாங்களும் கல்லூரி முடித்துப் பிரிந்தோம். ஆம்பூர்க்காரன் துபாய். ஆற்காட்டுக்காரன் ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. நான் வேலூரிலேயே ஒரு கணக்கர் ஆபீஸில் உட்கார்ந்துவிட்டேன்.

2007 தீபாவளி இரவு. போல்டன் இரண்டாவது முறையாக ஐரோப்பிய கிளப்புகளின் யூஇஎஃப்ஏ கோப்பையில் ஆடுகிறது, பயர்ன் மியூனிக்கின் மைதானத்தில். எங்கள் கேபிளில் அது வரவில்லை. துபாயில் அவனுக்கு வழி இருந்தது. அங்கிருந்து பேசக் காசு ஆகும். அதனால் கணக்கு இப்படி: ஒரு ரிங் விட்டு நிறுத்தினால் நம் கோல், இரண்டு ரிங் என்றால் அவர்கள் கோல். குடியாத்தம் வீட்டு மொட்டைமாடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் கடைசிப் பட்டாசுகள். வெடிமருந்து வாசனை பனியோடு சேர்ந்து கீழேயே நின்றது. தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே போன் ஒருமுறை அடித்து நின்றது. நான் நம்பவில்லை. பயர்ன் மியூனிக்கை அவர்கள் ஊரிலேயே! அப்புறம் இரண்டு ரிங். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு ரிங். சரி, முடிந்தது என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரே ஒரு ரிங். 2-2. கையில் மிச்சம் இருந்த லட்சுமி வெடியை அந்த அகாலத்தில் கொளுத்திப் போட்டேன். கீழேயிருந்து நைனா திட்டினார். தாத்தா தூக்கக் கலக்கத்தில், "யார்ரா அது, கெலிச்சாங்களா?" என்று கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. சமன்தான் தாத்தா என்றேன். அதே போட்டியில் அடுத்த பிப்ரவரியில் அத்லெடிகோ மாட்ரிட்டை வெளியேற்றினார்கள். அந்தக் கோடையில் தாத்தா போய்விட்டார். அந்த ஆட்டத்தை அவருக்குச் சொல்லியிருந்தேன் என்பதில் ஒரு நிம்மதி.

அதற்குப் பிறகானதை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 2011 எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் ஸ்டோக்கிடம் 5-0. 2012 மார்ச் 17, டாட்டனம் மைதானத்தில் ஆட்டத்தின் நடுவே ஃபாப்ரிஸ் முவாம்பா சரிந்து விழுந்தார். 23 வயசு. கூட்டத்தில் இருந்த ஒரு இதய மருத்துவர் இறங்கி ஓடிவந்தார். 78 நிமிஷம் இதயம் தானாகத் துடிக்கவில்லை. வேலூரில் வாழ்கிறவர்களுக்கு ஐசியூ வாசலில் விடியும் இரவு எப்படி இருக்கும் என்று தெரியும். தூரத்து ஊர்களிலிருந்து வந்து வரிசையில் நிற்கிற முகங்களை தினமும் பார்க்கிறோம். அந்த ராத்திரி நான் ஒரு ஆட்டக்காரருக்காகச் சாமி கும்பிட்டேன். அவர் பிழைத்தார். மறுபடி ஆடவில்லை. அந்த மே மாதமே போல்டன், ஸ்டோக்கோடு 2-2 என்று சமன்செய்து, கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. இன்றுவரை திரும்பி ஏறவில்லை.

ஏன் ஏற முடியவில்லை என்பது எளிய கணக்கு. மேல்பிரிவில் டிவி பணம் மலை போல வரும். அதை நம்பிச் சம்பளம் கொடுத்திருப்பார்கள். இறங்கினால் வரவு அறுந்துவிடும், சம்பள ஒப்பந்தம் அறாது. கிளப்பின் கடன் 15 கோடி பவுண்டைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி உரிமையாளர் எட்டி டேவிஸுக்கே கொடுக்க வேண்டியது. அவர் போல்டன் பக்கத்துக்காரர், கிளப்பை விற்கும்போது பெரும் தொகையை விட்டுக்கொடுத்தார். அதுவும் போதவில்லை. 2016இல் மூன்றாம் பிரிவு, ஏறி, 2019இல் மறுபடி மூன்றாம் பிரிவு. 2019 மே மாதம் கிளப் திவால் நிர்வாகிகள் கையில் போனது. சம்பளம் இல்லை. புதுப் பருவம் 12 புள்ளி கழிவோடு தொடங்கியது.

அந்த ஆகஸ்டை நாங்கள் மூன்று பேரும் மறக்க மாட்டோம். ஆகஸ்ட் 15 அன்று முதலமைச்சர் சுதந்திர தின உரையில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிப்பதாக அறிவித்தார். ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்கு. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கு. குடியாத்தம் வேலூரிலேயே. ஒரே அறையில் படுத்திருந்த மூன்று பேர் மூன்று மாவட்டம். அதே வாரங்களில் போல்டன் சின்னப் பையன்களை வைத்து ஆடிக்கொண்டிருந்தது. கோவென்ட்ரியுடன் ஆடிய அணியின் சராசரி வயசு 19. அந்தப் பையன்கள் 0-0 என்று தாக்குப்பிடித்தார்கள். அடுத்தடுத்த ஆட்டங்களில் ஐந்து ஐந்து கோலாக வாங்கினார்கள். ஒரு ஆட்டத்தைப் பையன்களின் உடல்நலத்துக்காக கிளப்பே ஆட மறுத்தது. ஆகஸ்ட் 27 அன்று பக்கத்து ஊரான பெரியின் கிளப்பை லீகிலிருந்தே நீக்கினார்கள், 1885இல் தொடங்கிய கிளப். போல்டனுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள 14 நாள் கெடு. நாங்கள் மூன்று பேரும் அந்த ராத்திரி வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே விழித்திருந்தோம். 1888இல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய 12 கிளப்புகளில் ஒன்று காணாமலே போய்விடுமோ என்று பயம். மறுநாள் விற்பனை முடிந்தது, கிளப் பிழைத்தது. ஆற்காட்டுக்காரன் மெசேஜ் எதுவும் போடவில்லை. நேராக வண்டியை எடுத்துக்கொண்டு வேலூருக்கே வந்துவிட்டான். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டீ குடித்தோம். போல்டனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் நான்காம் பிரிவு வரைக்கும் போனது. 2021இல் ஏறி மூன்றாம் பிரிவு.

எங்கள் வீட்டுத் தறிக்குழியை மூடிவிட்டோம். தாத்தா போனபிறகு நைனாவுக்கு முட்டி தாங்கவில்லை. மண் நிரப்பி சிமெண்ட் பூசி, அந்த இடத்தில் இப்போது சோபா கிடக்கிறது. தரையில் பூச்சு வேறு நிறமாக, நீளச் சதுரமாகத் தெரியும். என் மகள் அதைக் கட்டம் என்று நினைத்து நொண்டி ஆடுகிறாள்.

2023 ஏப்ரல் 2. மூன்று, நான்காம் பிரிவு கிளப்புகளுக்கான ஈஎஃப்எல் டிராஃபியின் இறுதி ஆட்டம். வெம்ப்ளியில் போல்டன், எதிரே பிளிமத். பெரிய கிளப் ரசிகர்கள் அப்படி ஒரு கோப்பை இருப்பதையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, நம் நேரம் ஏழரை. அன்று நான் குடியாத்தத்தில்தான் இருந்தேன், போனில் பார்த்துக்கொண்டு. துபாயிலிருந்து திரும்பி வந்து ஆம்பூரில் சின்னதாக ஒரு ஷூ யூனிட் வைத்திருக்கிறவனுக்கு ரமலான் மாதம். நோன்பு திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பான்.

நான்காவது நிமிஷம் முதல் கோல். நான் கத்தி முடிப்பதற்குள் போன் அடித்தது. ஒரே ஒரு ரிங். நின்றுவிட்டது. இப்போதெல்லாம் யாரும் மிஸ்டு கால் கொடுப்பதில்லை. எல்லாரிடமும் எல்லையில்லாத அழைப்பு இருக்கிறது. அவன் பேரைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடைவேளைக்கு முன்னால் இரண்டாவது கோல். மறுபடி ஒரு ரிங்.

இரண்டாம் பாதியில் மூன்றாவது கோலுக்குப் போன் அடிக்கவில்லை. நான்காவதற்கும் இல்லை. தராவீஹ் தொழுகைக்குப் போயிருப்பான் என்று புரிந்தது. ஆட்டம் 4-0 என்று முடிந்து, கோப்பையை வாங்கி, அந்த ஆட்டக்காரர்கள் ரசிகர்கள் பக்கம் ஓடினார்கள். நான் சோபாவில், பழைய குழியின்மேல், அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணி தாண்டியதும் போன் ஒரு ரிங் அடித்து நின்றது. உடனே இன்னொரு ரிங்.